உப்பைத் தின்றவள்

பிடோக் படகுத்துறையைத் தாண்டி
மூன்றாவது மிதவை வருவதற்குள்
வயிறு பேச ஆரம்பித்துவிட்டது.

காலை ஏழே கால்.
நங்கூரமிட்ட கப்பல்கள் எதுவும் அசையவில்லை.
பாத்தாம் போகும் படகு எப்போதோ கடந்துவிட்டது,
அதன் அலை மட்டும்
கடன்காரனைப் போல
நான் மறந்த பிறகு வந்து நிற்கிறது.

இடப்புறம் மூச்செடுத்தால் டீசல் வாடை,
கூடவே ஒரு வாய்த் தண்ணீர்.
வலப்புறம் எடுத்தால் கரை.
கரை மேலும் கீழும் போகிறது,
தென்னைகளையும் சைக்கிள்காரர்களையும்
யாரோ ஒரு தட்டில் வைத்து ஆட்டுகிறார்கள்.

விழுங்காதே என்கிறார்கள்.
முதல் கிலோமீட்டரில் நான்கு மிடறு, எண்ணினேன்.
இரண்டாவதில் எண்ணுவதை விட்டேன்.
நாக்கு தடித்து
வாய்க்குள் வேறு யாருடையதோ போலக் கிடக்கிறது.
அண்ணத்தில் தோல் உரிகிறது.

பதினோரு வருடமாய்
ஒரு மருத்துவமனையின் மருந்துக் கண்ணாடிக்குப் பின்னால்
புற்றுநோய்ப் பிரிவுக்கு மாத்திரை எண்ணித் தருகிறேன்.
குமட்டலுக்கே நான்கு வகை வைத்திருக்கிறோம்:
நாக்கில் கரைவது,
அரைமணி முன்பே விழுங்குவது,
தூக்கத்தையும் சேர்த்துத் தருவது,
இவை மூன்றும் கேட்காதபோது தருவது.
"கொஞ்சம் கொஞ்சமா குடிங்க, காரம் வேணாம்"
என்று மூன்று மொழியில் சொல்வேன்,
ஒரே குரலில்.

போன மாதம் திரு. ஓங்
பையை வாங்கிக்கொண்டு நகராமல் கேட்டார்,
"நீ இதைச் சாப்பிட்டிருக்கிறாயா?"
மாத்திரையையா, குமட்டலையா
என்று நான் திருப்பிக் கேட்கவில்லை.
வரிசை நீளமாக இருந்தது.

இன்று விடியலில் நானும் ஒன்று போட்டேன்,
அரைமணி முன்பே, தாளில் உள்ளபடி.
ஐந்தாவது மிதவையில் அது வெளியே வந்தது,
அரை வாழைப்பழத்தோடும்
இஞ்சி மிட்டாயோடும்.

நீந்துகிறவள் வாந்தியெடுக்க
பிடித்துக்கொள்ள ஒரு சுவரில்லை.
தலையைத் தூக்கினால் இடுப்பு தாழ்கிறது,
தாழ்ந்தால்
போனது முகத்துக்கே திரும்பி வருகிறது.
சின்ன மீன்கள் பந்திக்கு முந்தின.

துணைப்படகில் ரம்லி
துடுப்பைக் குறுக்கே வைத்து
ஒரு எண்ணெய்க் கப்பலின் பெயரை
எழுத்தெழுத்தாய்ப் படித்துக்கொண்டிருந்தார்.
அப்படிப் பார்க்காதிருக்க எங்கே கற்றார்?
ஓங்கரிப்பு நின்ற பிறகு, "சுடா?" என்றார்.
முடிந்ததா.
எனக்கும் தெரியவில்லை.

கயிற்றில் கட்டிய புட்டியை வீசினார்.
முதல் வாய், கொப்பளித்துத் துப்பினேன்.
இரண்டாவதும் அப்படியே.
மூன்றாவதில்
நகக்கண் அளவு உள்ளே விட்டேன்,
அது தங்குகிறதா என்று காத்திருந்தேன்.
உப்பைத் தின்றவர் தண்ணீர் குடித்தாக வேண்டும்,
பழமொழி சரிதான்.
எத்தனை மிடறு, எவ்வளவு இடைவெளி
என்று அது சொல்லவில்லை.

பிறகு நீருக்குள் கண்ணை மூடிக்கொண்டேன்.
ஆறு கை, மூடி.
ஒரு மூச்சு, திறந்து.
ஆடாத கரை எங்கும் இல்லை என்பதால்
ரம்லியின் ஆரஞ்சுத் தொப்பியைப் பிடித்துக்கொண்டேன்,
அது என்னோடு சேர்ந்து ஆடியது, அதுவே போதும்.
காலி வயிறு சாதுவாகிவிட்டது.
இன்னும் எண்ணூறு மீட்டர்.
அழகாக நீந்தினேன் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

கரையில், பூங்காக் குழாயடியில்
குழாய்த்தண்ணீர் இனித்தது.
பேருந்தில் இருக்கை ஏறி இறங்கியது.
இரவு ரசம் சோறு, மூன்று வாய்.
கட்டிலும் கொஞ்ச நேரம் கடலில்தான் கிடந்தது.

திங்கட்கிழமை.
கண்ணாடிக்கு அப்புறம் ஒரு பெண்,
தலைத்துணியை இழுத்துவிட்டபடி.
"தண்ணியே இறங்க மாட்டேங்குது" என்றாள்.
"முதல் ரெண்டு வாயை விழுங்காதீங்க,
துப்பிடுங்க.
மூணாவதுல கொஞ்சூண்டு. அப்புறம் காத்திருங்க."
அவள் என் உதட்டோரப் புண்ணைப் பார்த்தாள்.

பக்கத்து இருக்கை ஹ்வீ லிங் திரும்பி,
இது எந்தத் தாளில் இருக்கிறது என்று கேட்டாள்.
நான் அடுத்த எண்ணை அழுத்தினேன்.